பியானோவின் கருப்பும் அத்தையின் கீறலும்

பியானோ விற்பவர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வியிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எத்தனை வருடமாக வாசிக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. எதற்காக வாங்குகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. "ஹால்ல செவுரு என்ன கலருங்க மேடம்?" என்றார். இளம்பச்சை என்றேன். "அப்ப கருப்பு அருமையா இருக்கும்" என்று சொல்லி, போனை வைத்த கையோடு ஒன்பது படங்கள் அனுப்பினார். ஒன்பதிலும் ஒரே பியானோ. சுவரோடு ஒட்டி நிற்கிற வகை, ஜப்பானிலிருந்து வந்த பழையது. முகம் பார்த்துத் தலை சீவலாம் போன்ற பளபளப்பு. ஒரு படத்தில் அந்தப் பளபளப்புக்குள் அவரே தெரிந்தார், கையில் போனும், வயிற்றுக்கு நேரே சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றும்.

வாத்தியம் விற்கிறவர் சத்தத்தைப் பற்றிப் பேசாமல் நிறத்தைப் பற்றியே பேசினால் சத்தத்தில் ஏதோ கோளாறு என்றுதான் அர்த்தம். அப்படித்தான் என் மூளை ஓடியது. இத்தனைக்கும் எனக்கு வேண்டியதும் கருப்புதான். சென்னையில் வேலை பார்த்தபோது வாரம் ஒருநாள் வாடகை கொடுத்து ஒரு மணி நேரம் வாசித்த பியானோ கருப்பு. நான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் கருப்பு. எனக்கென்று ஒன்று வந்தால் அது கருப்பாகத்தான் வரும் என்று ரொம்ப நாளாக முடிவு செய்து வைத்திருந்தேன். அவர் கருப்பு என்றதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் ஆசைப்படுவதையே ஒரு விற்பனைக்காரர் ஏன் ஆசைப்படுகிறார் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வேலையை விட்டுவிட்டு ஜெகதாப்பட்டினத்துக்குத் திரும்பி அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. வீட்டு ஹாலில் எலக்ட்ரிக் கீபோர்டு ஒன்றை வைத்துப் பதினோரு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒருத்தியைத் திருச்சிக்கு இசைப் பரீட்சைக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்தது நிஜப் பியானோ. கீபோர்டின் லேசான கட்டைகளில் பழகிய விரல், பியானோ கட்டையின் கனத்தைத் தாங்கவில்லை. பாதியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நிஜப் பியானோ இல்லாமல் இனிமேல் யாரையும் பரீட்சைக்கு அனுப்புவதில்லை என்று அன்று நினைத்தேன்.

அப்பா மறுக்கவில்லை. மறுக்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "வாங்கு. வர்ற மழைக்காலத்தத் தாண்டி அது ஒழுங்கா நின்னா நீ இங்கயே இருந்து சொல்லிக்குடு. உப்புக்காத்துல ஊறிப் போச்சுன்னா சென்னைக்கு ஒரு போனப் போடு. ஒன் ஆபீஸ்ல திரும்பக் கூப்புடத்தான செய்றாங்க." அப்பாவுக்கு ஐஸ் பிளான்ட். உப்பும் துருவும்தான் அவருடைய ஆயுள் பகை. அவர் சொன்னதை நான் மிரட்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவுக் கீல் முதல் குளிர்சாதனப்பெட்டியின் முதுகு வரை எங்கள் வீட்டில் எது எவ்வளவு நாள் தாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

அன்று சாப்பிடும்போது நிறப் பேச்சு எழுந்தது. அப்பா வெள்ளை என்றார். ஐஸ் பிளான்ட்டில் குழாய், தொட்டி, கதவு எல்லாவற்றுக்கும் வெள்ளைதான் அடிப்பார். "வெள்ளைன்னா ஒரு துளி துரு வந்தாலும் காட்டிக்குடுத்துரும். கருப்புல பாம்பு படுத்திருந்தாலும் தெரியாது."

"பியானோவுக்குள்ள பாம்பு எதுக்குப்பா வருது?"

"எலி வந்தா அதுவும் வரும்."

அம்மாவுக்குப் பிரவுன்தான். டி.வி. ஸ்டாண்டு பிரவுன், ஷோகேஸ் பிரவுன், நடுவில் கருப்பாக ஒன்று நின்றால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள். "எல்லாம் செட்டா இருக்கணும்டி. இல்லன்னா யாரோ கொண்டாந்து போட்டுட்டுப் போன மாதிரி இருக்கும்."

நான் கருப்பு என்று சொன்னேன். ஆனால் அந்த ஒன்பது படங்களுக்குப் பிறகு என் குரலில் பழைய வேகம் இல்லை. ஏன் என்று அம்மா கேட்டதும், விற்பவர் கருப்பையே தள்ளுகிறார் என்பதைச் சொன்னேன். அப்பா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அக்காவைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அக்கா என்றால் என் அத்தை. இருபது வருடத்துக்கு மேல் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து வெளியூர் லாரிகளுக்கு ஏற்றுகிறவர். எங்கள் குடும்பத்தில் சந்தேகம் என்கிற துறைக்கு அவர்தான் தலைமை. ஒரு மீனை அவர் கண்ணால் பார்ப்பதே இல்லை. நேரே செவுளைத் தூக்குவார். "மேல தண்ணி அடிச்சா எல்லா மீனும் மினுங்கும்" என்பார். ஏலத்தில் பெரிய மீன் ஒன்றை எடுத்துவிட்டால், ஐஸ் பெட்டிக்குப் போவதற்கு முன்பு இடுப்புப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து வாலில் ஒரு கீறல் போடுவார். லாரி ஏறுவதற்குள் யாரும் வேறொரு மீனை மாற்றி வைத்துவிடக் கூடாது. அது அவர் கீறல் என்று அவருக்கு மட்டும் தெரியும்.

அந்த வாரம் கடலில் எல்லை தாண்டியதாக இரண்டு படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று துறைமுகத்தில் வேலைநிறுத்தம். ஏலம் இல்லை. அத்தை சும்மா இருந்தார். சும்மா இருக்கும் அத்தையை அழைத்துக்கொண்டு அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்கப் போனில் நான் எழுதி வைத்திருந்த பட்டியலைப் படித்துக் காட்டினேன். பழைய பியானோ வாங்கும்போது பார்க்க வேண்டியவை, பதினெட்டு. அத்தை நாலாவதிலேயே தூங்கிவிட்டார்.

விற்பவரின் கிடங்கு ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்டது. உள்ளே ஆர்மோனியங்கள், உடைந்த கிட்டார்கள், நடுவில் அந்தக் கருப்பு. படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. அதனால் நான் இன்னும் எச்சரிக்கையானேன். விற்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். பொத்தானைத் தைத்திருந்தார்.

அத்தை பியானோவை ஒரு சுற்றுச் சுற்றினார். பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்து மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "இதுக்கு செவுள் எங்கிட்டு இருக்கு?" என்றார்.

விற்பவர் என்னைப் பார்த்தார். "உள்ள பாக்கணுமாம்" என்றேன்.

அவர் கீழ்ப்பலகையைக் கழற்றினார். கம்பிகள் ஒழுங்காக இருந்தன. துரு இல்லை. சின்னத் துணிப்பையில் அந்துருண்டைகள் தொங்கின. அத்தை மூக்கை உள்ளே விட்டு இழுத்தார். "எலி வாடை இல்ல. ஆனா பெயிண்டு வாடை அடிக்குதே, தம்பி."

"இரும்புச் சட்டத்துக்குப் புதுசா கோல்டு அடிச்சிருக்கோம்மா. எல்லாப் பழைய பியானோவுக்கும் அடிக்கிறதுதான்."

அந்தச் சட்டத்தில்தான் பியானோவின் எண் பொறித்திருக்கும், என் பட்டியலில் ஏழாவது. குனிந்து பார்த்தேன். தங்கப் பூச்சு ஏறி, கடைசி இரண்டு எண்கள் எட்டா மூன்றா என்று தெரியவில்லை. அத்தையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வாசித்துப் பார்த்தேன். கட்டைகளில் கனம் இருந்தது, அந்தப் பெண்ணின் விரல் தோற்றுப்போன அதே கனம். கீழ்ச்சுரங்கள் தகரக் கூரை வரை போய்த் திரும்பின. எனக்கு எழுந்திருக்கவே மனமில்லை. அதை முகத்தில் காட்டக் கூடாது என்று அத்தை பஸ்ஸிலேயே சொல்லியிருந்ததால், பல் வலிக்காரியைப் போல உட்கார்ந்திருந்தேன்.

"வேற கலர்ல கிடைக்குமா சார்?"

விற்பவர் முகம் சற்று மாறியது. "கருப்பே எடுத்துக்கங்க மேடம். வெள்ளை நாளாக ஆக மஞ்சளாப் போயிரும். பிரவுன்னா இந்தக் கருப்பச் சொரண்டி எடுத்து, மேல வெனீர்னு மெலிசு மரத்தகடு ஒட்டி, மேட் பாலிஷ் போடணும். நம்ம பாலிஷ்காரரு பொன்னமராவதிப் பக்கம். வரணும், நாளாகும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வீடு கடல்லேர்ந்து எவ்வளவு தூரம்?" என்றார்.

இந்தக் கேள்வி என் பட்டியலில் இருந்தது, பதினாறாவது. கடற்கரை வீடு என்று தெரிந்தால் உத்தரவாதம் தர மாட்டார்கள், உண்மையைச் சொல்லுமுன் யோசியுங்கள் என்று ஒரு வீடியோவில் ஒருவர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் அரை கிலோமீட்டர் இருக்காது. "தூரம்தான் சார். ரெண்டு மூணு கிலோமீட்டர் வரும்" என்றேன்.

"அப்ப சரி. உங்க இஷ்டம்."

என்னவோ ஒரு தடை அவரிடம் விலகியது. அது என்ன என்று எனக்குப் புரியவில்லை. அத்தை என்னைக் கிடங்கு வாசலுக்கு இழுத்துப் போனார். "ஏலத்துல இந்தக் குவியல எடு, இந்தக் குவியல எடுன்னு ஒருத்தன் கத்துனா, நான் பக்கத்துக் குவியலத்தான் எடுப்பேன். அவன் எத வேணாங்கறான்?"

"பிரவுன."

"அப்ப பிரவுன்னு சொல்லு. சொரண்டுனா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சு போகும்ல."

எனக்குக் கருப்பை விட மனமில்லை. ஆனால் அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே போய், டி.வி. ஸ்டாண்டின் படத்தைக் காட்டி, இந்த நிறம், பளபளப்பு வேண்டாம் என்று சொன்னேன். என் கருப்பை நானே என் வாயால் அழித்தேன். பத்து நாள் ஆகும் என்றார் விற்பவர்.

பத்து நாள் என்றதும் அடுத்த சந்தேகம். நாம் வாசித்துப் பார்த்தது ஒன்று, நிறம் மாறி வரப்போவது ஒன்று. இரண்டும் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? எண்ணும் தெளிவாக இல்லை. அத்தைக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தம்பி, குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" என்று விற்பவரை அனுப்பிவிட்டு, கத்தியை எடுத்துக் குனிந்தார். கட்டைகளுக்குக் கீழே இருக்கிற அடிப்பலகையின் இடது ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், சதக்கென்று ஒரு கீறல். "தொட்டுப் பாத்துக்க" என்றார். விரல் நுனிக்கு நன்றாகத் தட்டுப்பட்டது. பிறகு, பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று சொல்லி அந்தப் பக்கம் போனார். நான் தண்ணீர் வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலாம் நாள் விற்பவர் ஒரு படம் அனுப்பினார். கருப்பு முழுக்கப் போய், பியானோ உரித்த கோழி மாதிரி வெளிறி நின்றது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் வாசித்ததுதானா என்று தெரியவில்லை. "வேற எதையோ படம் புடிச்சு அனுப்பிருக்கானோ" என்றேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கலர் வந்ததும் நல்லாருக்கும்டி" என்று மட்டும் சொன்னார்.

பியானோ வந்த காலையில் அத்தை துறைமுகத்தில் இருந்தார். ஏலம் மறுபடி தொடங்கிவிட்டது. ஆறு பேர் சேர்ந்து இறக்கி ஹாலில் வைத்துவிட்டுப் போனார்கள். டி.வி. ஸ்டாண்டின் அண்ணன் மாதிரி நின்றது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் லாரி தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து, தரையில் மல்லாந்து படுத்து, அடியில் நகர்ந்து, இடது ஓரத்தில் விரலை ஓட்டினேன்.

ஒன்றும் இல்லை. வழவழவென்று இருந்தது. வலது ஓரமாக இருக்குமோ என்று அங்கும் தடவினேன். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். பலகை முழுக்க ஒரே சீரான பிரவுன்.

சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாதா என்று கேட்கலாம். உட்கார்ந்து வாசித்தேன். தகரக் கூரைக்குக் கீழே கேட்ட சத்தம் வேறு, எங்கள் ஹாலில் கேட்கும் சத்தம் வேறு. நடுவில் ட்யூனிங் வேறு செய்திருந்தார்கள். கனம் அதே கனம்தான் என்று தோன்றும், அடுத்த நிமிடம் இல்லை என்று தோன்றும். மழைக்காலம், அப்பாவின் நிபந்தனை, சென்னை ஆபீஸின் வெள்ளை விளக்கு எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. அத்தைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்திருக்கலாம். நான் பொறுத்த சரித்திரம் இல்லை. விற்பவருக்குப் போட்டேன்.

என்ன பேசினேன் என்பதை முழுக்க எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. மாற்றிவிட்டீர்கள் என்றேன். ஏமாற்றுவதற்குத்தான் பத்து நாள் கேட்டீர்களா என்றேன். "அடிப்பலகையில, இடது ஓரத்துல, கத்தியால ஒரு அடையாளம் போட்டு வச்சிருந்தோம் சார். அது எங்க போச்சு?"

"அடையாளமா" என்றார். பிறகு, "அங்கிட்டே இருங்க. பாலிஷ்காரரக் கூட்டிட்டு வாரேன்" என்று வைத்துவிட்டார்.

மதியம் அத்தை வந்தார், சேலையில் மீன் செதிலோடு. நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"பின்னாடி பாத்தியா?"

"பின்னாடி என்ன அத்தை?"

"பின்னாடி இன்னொண்ணு போட்டேன்ல."

அப்பா ஐஸ் பிளான்ட்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். பியானோவைச் சுவரிலிருந்து இழுத்தார்கள். பின்பக்கம் பாலிஷ் இல்லாத வெறும் மரம். நடுத்தூணில், முழங்கால் உயரத்தில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல்கள், மீன் வால் மாதிரி விரிந்து. அத்தை அதன் மேல் கட்டைவிரலை வைத்தார். "என் கத்திதான்" என்றார்.

நானும் கையை நீட்டி இரண்டு கீறலையும் தடவிப் பார்த்தேன். "இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லிருந்தா இந்நேரம் அதையும் அவன்கிட்ட சொல்லிருப்ப."

"எம்மேலயே சந்தேகமா?"

"முன்னாடி போட்டத எங்க போட்டேன்னு போன்ல சொன்னியா, இல்லையா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "மதினி, அவளுக்கு வாயில பூட்டே கெடையாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே பியானோவை மறுபடி தள்ளச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே பியானோ என்றால், அடிப்பலகையில் போட்ட கீறல் எங்கே? அதைவிட, நான் பேசிய பேச்சை எங்கே கொண்டுபோய் வைப்பது? வர வேண்டாம் என்று சொல்லலாம் என்று விற்பவருக்குப் போன் போட்டேன். "மீமிசல் வந்துட்டோம் மேடம்" என்றார்.

இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். பாலிஷ்காரர் ஒல்லியான மனிதர், நகத்தைச் சுற்றிலும் ஊறிப்போன பிரவுன் கறை. உள்ளே வந்ததும் தண்ணீர்கூட வாங்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழங்காலை ஊன்றி, தலையைத் தரையில் சாய்த்து அடியில் பார்த்தார். "இங்கன தானேம்மா?"

"ஆமாங்க."

"செல்லு லைட்ட நேரா அடிக்காம, பக்கத்துலேர்ந்து சரிச்சு அடிங்க."

சரித்து அடித்தேன். இடது ஓரத்தில், நகத்தளவுக்கு ஒரு மரச்சில்லு தனியாகத் தெரிந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது. அதன் ரேகை, பலகையின் ரேகையோடு ஒட்டி ஓடியது.

"இங்க ஒரு கீறல் இருந்துச்சு. ஆழமா. லப்பம் வச்சு மூடிட்டுப் போயிருக்கலாம், அடியில யாரு பாக்கப் போறா. எனக்கு மனசு வரல. ரேகை பாத்து ஒரு சில்லு வெட்டி வச்சு, உப்புத்தாள் போட்டு, கலரு ஏத்துனேன். அரை நாளு போச்சு." அவர் எழுந்து உட்கார்ந்தார். "எங்க ஆளுதான் உளிய நழுவ விட்டுட்டாருன்னு அவரப் பிடிச்சுத் திட்டிப்புட்டேன். நான் இல்ல நான் இல்லன்னாரு. நம்பல. ரெண்டு நாளா மொகம் குடுத்துப் பேச மாட்டேங்குறாரு."

பழுதே தெரியாமல் ஆக்குவதுதான் தொழில் என்று இருப்பவரிடம், ஒரு பழுதைப் போட்டுக் கொடுத்து, அது அப்படியே திரும்பி வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அவர் கண் தரையில் இருந்தது, அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விற்பவர் பியானோவைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்குப் போய் கம்பியைத் தொட்டு, விரலைப் பார்த்தார். துரு ஒட்டியிருந்தது. "சார், கடல் எங்கிட்டு இருக்கு?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"இந்தா, தென்னைக்கு அங்கிட்டு. நடந்தா அஞ்சு நிமிசம். அரை கிலோமீட்டர்கூட இல்ல." அப்பா பெருமையாகச் சொன்னார்.

"ரெண்டு மூணு கிலோமீட்டர்னு சொன்னாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பியானோவுக்கு அடியில் மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"கருப்புன்னா கெட்டியான பூச்சு மேடம்" என்றார் அவர், கோபம் இல்லாமல், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "கண்ணாடி மாதிரி மூடிரும். உப்புக்காத்து உள்ள எறங்காது. ஈரத்துணி போட்டுத் தொடச்சாப் போதும். இந்த மேட் பாலிஷ் மெலிசு, மரம் மூச்சு விடும், ஈரத்தையும் குடிக்கும். மொத போன்லயே ஊரு ஜெகதாப்பட்டினம்னு சொன்னீங்க. அதான் மொதல்லேர்ந்து கருப்பு, கருப்புன்னு சொன்னேன்."

"அத அப்பவே காரணத்தோட சொல்லிருக்கலாமே சார்."

"தூரம் கேட்டேனே."

கேட்டார். எனக்கு வேண்டியதைத்தான் அவர் தர வந்தார். அவர் தருகிறார் என்பதற்காகவே நான் அதை வேண்டாம் என்றேன். இதை ஒரே வாக்கியமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோது, பக்கத்தில் டி.வி. ஸ்டாண்டின் அண்ணன் சாந்தமாக நின்றுகொண்டிருந்தது.

அப்பாதான் கேட்டார், "மழைக்குத் தாங்குமா?"

"பாத்துக்கிட்டா தாங்கும். கடல் பக்கத்துச் சுவர விட்டு உள்சுவருக்கு மாத்துங்க. சாயந்திரம் ஜன்னலச் சாத்தணும். தெனம் காஞ்ச துணியால தொடைக்கணும். கீழ்ப்பலகைக்குள்ள ஒரு சின்ன பல்பு எரியவிட்டா ஈரம் நிக்காது. மழைக்கு முன்னாடி ஒரு ட்யூனிங், மழை முடிஞ்சதும் ஒண்ணு. அது தவறுனா காப்பாத்த முடியாது."

"ட்யூனிங்குக்கு நீங்க வருவீங்களா சார்?" என்று கேட்டேன். ட்யூனிங் செய்ய இந்த ஜில்லாவில் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. அவர் வரவில்லை என்றால் என் பதினோரு பிள்ளைகளும் நானும் அந்த மழையோடு முடிந்தோம்.

அவர் விரலில் ஒட்டிய துருவைத் தட்டிவிட்டார். "காலைல நீங்க பேசுனப்ப போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு மேடம். எங்க வீட்ல சாப்பாடு எடுத்து வச்சுக்கிட்டு இருந்தாங்க. எல்லாத்தையும் கேட்டாங்க."

"தப்புதாங்க சார். தூரம் சொன்னதும் பொய்தான். அவங்ககிட்டயும் நான் பேசுறேன்."

"கத்தி என்னுது" என்றார் அத்தை திடீரென்று. "அவ சின்னப்புள்ள, பேசிட்டா. வெட்டுனது நான். அந்த ஆளுகிட்டயும் சொல்லிருங்கய்யா, கெழவி ஒருத்தி பண்ணுன வேலைன்னு." பாலிஷ்காரர் தலையாட்டினார். அத்தை உள்ளே போய், ஐஸ் போட்டுக் கட்டிய பையொன்றைக் கொண்டுவந்து விற்பவரிடம் நீட்டினார். "காலைல எடுத்த விளைமீன். வீட்டுக்குக் கொண்டு போங்க, தம்பி."

விற்பவர் பையை வாங்கினார். வாயைப் பிரித்தார். கையை உள்ளே விட்டு, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்க, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாருய்யா, நல்லாப் பாரு."

"செவப்பாத்தான் இருக்கு" என்றார் விற்பவர். பையை மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஐப்பசிக்கு முன்னாடி வாரேன் மேடம். அடியில புதுசா எதுவும் கீறி வைக்காதீங்க."

சொன்னபடி வந்தார், மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. இரண்டாவது முறை அவர் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனபோது நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு கட்டை மட்டும் ஈரத்தில் ஒட்டியது. அதைச் சரிசெய்துவிட்டு, "நிக்கும்" என்றார். திருச்சியில் பாதியில் கையை எடுத்த பெண் இப்போது வாரத்தில் மூன்று நாள் வந்து அந்தக் கனத்தோடு மல்லுக்கட்டுகிறாள். நான் சாயந்திரம் ஜன்னலைச் சாத்திவிட்டுத் துணியால் துடைக்கிறேன். அடிப்பலகையின் இடது ஓரத்துக்கு வரும்போது விரல் தானாக அந்தச் சில்லைத் தேடும். இன்றுவரை தட்டுப்பட்டதில்லை.

மழைக்காலம் தாண்டியதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சென்னையைப் பற்றியும் பேசவில்லை. மனதுக்குள் என்னவோ வைத்திருக்கிறார் என்று கொஞ்ச நாள் சந்தேகப்பட்டேன். போன வாரம் பல்பு மாற்றக் கீழ்ப்பலகையைக் கழற்றினேன். உள்ளே பல்பை மாட்டியிருந்த பலகை, அதன் திருகாணிகள், வயரைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் எல்லாவற்றுக்கும் யாரோ பொறுமையாக வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு துளி துருகூட இல்லை.